மோசல் ஆற்றங்கரையில் நீங்களே கார் ஓட்டிச் சுற்ற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்லென்ஸ் பக்கம் குடியிருப்பதால், விடுமுறை நெருங்கினாலே சென்னை, கோவை உறவுக்காரர்களிடமிருந்தும் லண்டன், பாரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

மோசல்னா எங்க இருக்கு? எல்லாரும் ரைனுக்குத்தானே போறாங்க?

பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி வந்து, ஜெர்மனிக்குள் ட்ரியர் நகரைத் தாண்டி, கோப்லென்ஸில் ரைனோடு கலக்கும் ஆறு மோசல். மொத்த நீளம் சுமார் 544 கி.மீ. நாம் பேசப்போவது ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட கடைசிப் பகுதியைப் பற்றி. ஒரு பக்கம் ஐஃபெல் மலை, மறுபக்கம் ஹுன்ஸ்ரூக் மலை. நடுவே ஆறு வளைந்து வளைந்து போய், நேர்கோட்டில் 100 கி.மீ. கூட வராத தூரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடுகிறது.

ரைன் பெரிய ஆறு, அதன் அழகு வேறு. ஆனால் அதன் இரு கரையிலும் சரக்கு ரயில்கள் இரவு பகலாக ஓடும், ஆற்றில் பெரிய சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டும். மோசல் அகலம் குறைந்தது. அக்கரையில் ஒருவர் திராட்சைக் கொடிக்குக் கட்டுப்போடுவதை இக்கரையிலிருந்து பார்க்கலாம். முதல் முறை வருகிறவர்களுக்கு நான் மோசலைத்தான் சொல்வேன்.

ட்ரெயின் போகுதே, அப்புறம் எதுக்கு கார்?

கோப்லென்ஸிலிருந்து கோஹெம் வழியாக ட்ரியருக்கு ரயில் உண்டு, நல்ல ரயில்தான். ஆனால் புல்லை என்ற ஊரைத் தாண்டியதும் தண்டவாளம் ஆற்றை விட்டு விலகி உள்ளே போய்விடுகிறது. நடுமோசல் என்று சொல்லும் பகுதியில் பெர்ன்காஸ்டெல், பீஸ்போர்ட் போன்ற ஊர்களுக்கு ரயிலே கிடையாது. கோஹெமுக்கும் எல்லர் என்ற ஊருக்கும் நடுவே ஆறு 20 கி.மீ.க்கு மேல் சுற்றுகிற அழகான வளைவு ஒன்று இருக்கிறது. ரயில் அதைக் காட்டாமல், 4.2 கி.மீ. சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும்.

கார் இருந்தால் அந்த வளைவுகள் எல்லாம் உங்களுடையவை. இரண்டு பேர் மட்டும், சின்னப் பை, கோஹெமில் மட்டும் தங்கல் என்றால் ரயிலே போதும்.

எத்தனை நாள் வேணும்? ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

நெடுஞ்சாலையில் ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் ஒன்றரை மணி நேரம். ஆற்றோரச் சாலையில் எங்கும் நிறுத்தாமல் வந்தாலே சுமார் நான்கு மணி நேரம் ஆகிவிடும், ஏனென்றால் ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் ஓட்டுகிறவர் சாலையைத் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டார்.

நான்கு இரவு என்பது என் கணக்கு. ஒரு நாளைக்கு 50 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்துக்கு நடுவே ஒரு நாளைப் பிதுக்கி மோசலுக்குத் தருவதாக இருந்தால், கோஹெம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இன்னொரு முறைக்கு விட்டுவிடுங்கள். இங்கே காரை நிறுத்திவிட்டு நடக்கும் நேரம்தான் விடுமுறை.

எந்த மாசம் வந்தா நல்லது?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. மே மாதத்தில் பச்சை, செப்டம்பரில் பழுத்த திராட்சை, அக்டோபரில் மஞ்சளான மலைச்சரிவு. அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் முழுக்க நடக்கும். அப்போது சிறிய டிராக்டர்கள் சாலையில் மெதுவாகப் போகும், பொறுமையாகப் பின்னால் வாருங்கள்.

நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே சரியாகப் பொருந்தும், ஆனால் ஏப்ரலில் காலைக் குளிர் நன்றாகவே இருக்கும். செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டெலில் நடுமோசலின் பெரிய ஒயின் திருவிழா. கூட்டம் பிடித்தவர்கள் மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும், பிடிக்காதவர்கள் அந்த வாரத்தையே தவிர்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பல விடுதிகளும் படகுகளும் ஓய்வில் இருக்கும், எல்ட்ஸ் கோட்டையும் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருகிறவர்கள் ட்ரியரிலும், நிலத்தடி ஒயின் பாதாள அறைகளில் சந்தை நடக்கும் ட்ராபென்-ட்ரார்பாக்கிலும் தங்கலாம்.

எந்த ஏர்போர்ட்ல இறங்கறது? பிராங்க்ஃபர்ட்-ஹான்னு ஒரு டிக்கெட் சீப்பா காட்டுதே?

பிராங்க்ஃபர்ட் பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் கோப்லென்ஸ் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். கொலோன்-பான் நிலையமும் வசதி. ட்ரியரிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு லக்ஸம்பர்க் மிகப் பக்கம்.

ஹான் என்பது வேறு. பெயரில் பிராங்க்ஃபர்ட் இருந்தாலும் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைமேல் இருக்கும் பழைய ராணுவ விமானத்தளம் அது. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி அங்கே இணைப்பு விமானம் பிடிக்கலாம் என்று நினைத்தால் பெரிய சிக்கல். ஆனால் லண்டனிலிருந்தோ வேறு ஐரோப்பிய ஊரிலிருந்தோ நேராக மோசலுக்கு வருகிறவர்களுக்கு ஹான் உண்மையிலேயே பக்கம்.

நம்ம ஊர் லைசென்ஸ் வச்சு அங்க ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் அது மட்டும் போதாது. ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்தியாவில் தருவது ஓராண்டுக்குச் செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. அந்தப் புத்தகம் உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போலத்தான், தனியாகக் காட்டினால் செல்லாது. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும், அசலாக. கைப்பேசியில் இருக்கும் படம் உதவாது.

கார் பதிவு செய்யும்போது ஓட்டப்போகிற எல்லார் பெயரையும் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. 25 வயதுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு.

லக்ஸம்பர்க் பக்கத்துல தானே, அதுக்குத் தனி விசா வேணுமா?

வேண்டாம், ஷெங்கன் விசா ஒன்றே போதும். அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஆக இந்தப் பயணத்துக்கு ஜெர்மனி. எல்லையில் ஜெர்மனி இப்போது மீண்டும் சோதனை நடத்துகிறது, அதனால் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு அக்கரைக்குப் போகாதீர்கள்.

ட்ரியரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஷெங்கன் கிராமத்துக்கே போய்விடலாம். 1985 ஜூன் 14 அன்று, மோசல் ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரீ-ஆஸ்ட்ரிட் என்ற பயணப் படகில்தான் இந்த விசாவுக்கு அடிப்படையான ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது. விசாவுக்காக அலைந்த நம்மவர்களுக்கு அந்தச் சின்ன ஊரைப் பார்ப்பதில் ஒரு தனி திருப்தி இருக்கிறது.

கார் எடுக்கும்போது எதெல்லாம் பாக்கணும்? டெபிட் கார்டு போதுமா?

பெரும்பாலான நிறுவனங்கள் முதன்மை ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு கேட்கும், முன்பணத்தை அதில் பிடித்துவைக்கும். கார்டு கணவர் பெயரில், உரிமம் மனைவி பெயரில் என்றால் கவுன்டரில் பிரச்சினைதான். கியர் மாற்றும் கார்தான் அங்கே சாதாரணம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வலது பக்கம் ஓட்டுவது புதிது என்றால், அந்தக் கூடுதல் காசு முழுக்கத் தகும்.

காப்பீட்டில் முழுக் காப்பீடு என்று போட்டிருந்தாலும், உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மோசல் கிராமங்களில் சந்துகள் குறுகல், கல்சுவர்கள் நெருக்கம். பெரிய எஸ்யூவி வேண்டாம். வெளியே எடுக்குமுன் நான்கு பக்கமும் சக்கர விளிம்புகளும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தரும்போதும் அப்படியே.

வலது பக்கம் ஓட்டணும்னாலே பயமா இருக்கு. எப்படிப் பழகறது?

நேர் சாலையில் அரை மணி நேரத்தில் பழகிவிடும். தடுமாற்றம் வருவது மூன்று இடங்களில்: பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, ஆள் இல்லாத கிராமத்துச் சாலையில் காலையில் முதலாவதாக வண்டி எடுக்கும்போது, இடது பக்கம் திரும்பும்போது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த இடங்களில் 'வலது, வலது' என்று சொல்லிக்கொண்டே வரட்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே கார் எடுக்காதீர்கள். ஒரு இரவு தூங்கிவிட்டு எடுங்கள்.

நம்மவர்களுக்குப் பழக்கத்தில் இல்லாத விதி, வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்புறச் சந்திலிருந்து எவ்வளவு சின்ன வண்டி வந்தாலும் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டியதும், வேறு எண் போடாவிட்டால் 50, ஊர் முடிந்ததும் 100. பல ஊர்களின் நடுவே 30தான். ஹாரன் அடிக்கும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். சைக்கிள்காரர்களைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி சட்டப்படி கட்டாயம். மோசல் கரை முழுக்கச் சைக்கிள்கள் இருக்கும்.

ஆட்டோபான்ல ஸ்பீடு லிமிட்டே கிடையாதாமே?

ஆட்டோபான் என்ற ஜெர்மன் நெடுஞ்சாலையில் பொது வரம்பு கிடையாது, பரிந்துரைக்கும் வேகம் 130. ஆனால் பல பகுதிகளில் 100, 120 என்று பலகை இருக்கும், வேலை நடக்கும் இடத்தில் 80, 60. வலது தடத்தில் போய், முந்துவதற்கு மட்டும் இடது தடத்துக்கு வந்து, உடனே திரும்ப வேண்டும். இடது தடத்தில் நிதானமாகப் போவது அங்கே ஆபத்து, பின்னால் 200 வேகத்தில் ஒருவர் வரலாம். வலப்புறமாக முந்தக் கூடாது. கார்களுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை.

போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் மெதுவாகும்போதே, இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இன்னும் இடதாக ஒதுங்க வேண்டும், மற்ற எல்லாரும் வலதாக. நடுவே ஆம்புலன்ஸுக்கு வழி. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபின் ஒதுங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. செய்யாவிட்டால் அபராதம் 200 யூரோவில் தொடங்குகிறது. அவசர உதவிக்கு 112.

ட்ரியர்லேருந்து கோப்லென்ஸ் வரணுமா, இல்ல அங்கேருந்து மேல போகணுமா? எந்தக் கரை?

நான் ட்ரியரில் தொடங்கி ஆற்றோட்டத்தோடு வரச் சொல்வேன். மேலே பள்ளத்தாக்கு அகலம், கீழே வர வர மலைகள் நெருங்கி, கோட்டைகள் அதிகமாகி, கடைசியில் கோப்லென்ஸில் இரண்டு ஆறுகள் கூடும் முனையில் முடியும். பி 53 சாலையில் தொடங்கி, அல்ஃப் ஊரிலிருந்து பி 49. ஜிபிஎஸ்ஸில் நெடுஞ்சாலையைத் தவிர்க்கும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உங்களைத் திரும்பத் திரும்ப மலைமேல் ஏற்றி ஏ 1, ஏ 48-இல் விட்டுவிடும்.

எந்தக் கரை என்பதற்கு எளிய வழி: ஆறு உங்கள் வலப்புறம் இருக்கட்டும். அப்போது நீங்கள் போகும் தடம் ஆற்றை ஒட்டியது, எதிர்த் தடத்தைக் கடக்காமலே ஓரமாக நிறுத்தலாம். ஆற்றோட்டத்தோடு வந்தால் அது இடக்கரை, எதிர்த்து ஏறினால் வலக்கரை. எல்லா இடத்திலும் இப்படி அமையாது, முடிந்தவரை பாருங்கள்.

மேல் பாதியில எங்கெல்லாம் நிறுத்திப் பாக்கணும்?

ட்ரியருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். போர்ட்டா நிக்ரா என்ற ரோமானிய நகரவாயில் கி.பி. 170 வாக்கில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்லோடு கல்லை இரும்புப் பட்டைகளால் இணைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால், பிற்காலத்தில் இரும்பைத் திருட ஆட்கள் கல்லில் தோண்டிய குழிகள் இன்றும் தெரியும். 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி அங்கே தங்கி, அவருக்குப் பின் அது தேவாலயமானதால்தான் முழுதும் இடிபடாமல் தப்பியது. கார்ல் மார்க்ஸ் 1818இல் பிறந்த வீடும் இதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

வழியில் நொய்மாகனில் கல்லில் வடித்த ரோமானிய ஒயின் கப்பலின் நகல் உண்டு (அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில்). பீஸ்போர்ட் மேட்டிலிருந்து ஆற்று வளைவு முழுதாகத் தெரியும். பெர்ன்காஸ்டெல்-கூஸில் மரச்சட்ட வீடுகள் சூழ்ந்த சந்தைச் சதுக்கத்தைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை, ஆனால் பாலத்தைத் தாண்டி கூஸ் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே 1401இல் பிறந்த தத்துவ அறிஞர் நிக்கோலாஸ் கூசானுஸ் நிறுவிய முதியோர் இல்லம் இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது, அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் உள்ளே நூலகத்தில் இருக்கின்றன. அப்புறம் ட்ஸெல்டிங்கென் அருகே தலைக்கு மேலே 2019இல் திறந்த ஹோக்மோசல் பாலம்: 1.7 கி.மீ. நீளம், சுமார் 160 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கின் அழகு கெடும் என்று பல ஆண்டுகள் எதிர்ப்பு இருந்தது. கீழே நின்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கீழ் பாதியில?

ப்ரெம் ஊரின் கால்மோன்ட் மலைச்சரிவை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று, சில இடத்தில் சரிவு 65 பாகை வரை போகிறது. மேலே ஏறினால் ஆறு குதிரை லாடம் போல வளைவதும், எதிரே பாழடைந்த ஷ்டூபென் கன்னிமாடமும் தெரியும். காலடியில் ஓடுகள் போலச் சரியும் கருப்புக் கற்கள்தான் அந்த மண்ணே. பகலில் சூட்டை வாங்கி இரவில் கொடிக்குத் தருவது இந்தக் கல். இயந்திரம் ஏற முடியாத சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி ஆளையும் கூடையையும் தூக்கிக்கொண்டு ஏறும். இந்த உழைப்பைப் பார்த்தபின் ஒரு புட்டி ரீஸ்லிங் வெள்ளை ஒயினின் விலை அதிகமாகத் தோன்றாது. ஏணியும் கம்பியும் பிடித்துப் போகும் மலைப்பாதை ஒன்றும் உண்டு, நல்ல காலணி இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

பைல்ஸ்டைன் சின்னஞ்சிறு ஊர். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, மாலை ஆறு மணிக்குமேல் போங்கள். கோஹெமுக்கு நேர்மாறாகக் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். அங்கே மேலே நிற்கும் கோட்டையை 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. இப்போது காண்பது, 1868இல் ரவெனே என்ற பெர்லின் வணிகர் இடிபாடுகளை வாங்கி, தம் காலத்து ரசனையில் மறுபடி கட்டியது. மலைமேல் மோர்ஸ்டோர்ஃப் ஊரில் 360 மீட்டர் நீளக் கயிற்றுப்பாலம் உண்டு, 2015இல் திறந்தது. கார் நிறுத்தத்திலிருந்து இரண்டு கி.மீ. அளவுக்கு நடக்க வேண்டும்.

எல்ட்ஸ் கோட்டை வாசல் வரைக்கும் கார் போகுமா?

போகாது. ஜிபிஎஸ்ஸில் கோட்டையின் பெயரைப் போடாமல், மேலே இருக்கும் அந்தோனியார் சிற்றாலய வண்டி நிறுத்தத்தைப் போடுங்கள். அங்கிருந்து இறக்கத்தில் கால் மணி நேர நடை, அல்லது சிறு பேருந்து. இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவதுதான் மூச்சு வாங்கும். பெரியவர்கள் இருந்தால் திரும்பும்போதாவது பேருந்தில் ஏற்றிவிடுங்கள். நடக்கப் பிடித்தவர்களுக்கு மோசல்கெர்ன் ஊரிலிருந்து ஓடையோரமாகக் காட்டுப்பாதை உண்டு, ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

இடிபடாமல், 850 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்திடம் இருக்கும் கோட்டை இது. பழைய 500 மார்க் நோட்டில் இருந்த படமும் இதுதான். திறந்திருப்பது ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய. காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் வரிசை நீளும்.

பார்க்கிங்ல நீலக் கலர் அட்டை வைக்கணும்னாங்களே, அது என்ன?

கார் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும், கடிகாரம் போலத் திருப்பக்கூடிய அட்டை. காசில்லாமல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்ற இடங்களில் அட்டைப் படத்தோடு பலகை இருக்கும். நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக் கோட்டில் முள்ளை வைக்க வேண்டும். 10.10க்கு வந்தால் 10.30. நடுவில் வந்து முள்ளை நகர்த்திவைப்பது தவறு, அபராதம் உண்டு. வாடகைக் காரின் கதவுப் பையில் பெரும்பாலும் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும்.

ஆற்றோரத்தில் பெரிய நிறுத்தங்கள் இருக்கின்றன, இயந்திரத்தில் சில்லறை போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். பழைய ஊருக்குள் காரை நுழைக்காதீர்கள். குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்ற பலகை பல சந்துகளில் உண்டு.

பெட்ரோல் எப்படிப் போடறது?

நீங்களே போட வேண்டும். முதலில் நிரப்பி, பம்ப் எண்ணை நினைவில் வைத்து, உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். மூடியின் உட்புறம் என்ன எரிபொருள் என்று எழுதியிருக்கும். பெட்ரோல் 'சூப்பர்' என்ற பெயரில் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்து நிலையங்களில் விலை அதிகம், கழிவறைக்கும் ஒரு யூரோ. லக்ஸம்பர்க் பக்கம் போனால் அங்கே நிரப்புங்கள், ட்ரியர்காரர்களே அதற்காக எல்லை தாண்டுகிறார்கள்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

சமையலறையோடு கூடிய விடுமுறை வீட்டை எடுப்பதுதான் முழுத் தீர்வு. மோசல் முழுக்க ஒயின் தோட்டக்காரர்களே இப்படி வீடு விடுகிறார்கள், விடுதியைவிட மலிவாகவும் வரும். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஊர்ப் பொடிகளை மட்டும் கொண்டுவாருங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்று கேட்டால் கொலோன் பக்கத்து ஈழத்தமிழர் கடைகளில்தான், வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

வெளியே சாப்பிடும்போது உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடையும் ஆப்பிள் கூழும் எங்கும் கிடைக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு உண்டு, அது இல்லாமல் என்று சொல்லிக் கேளுங்கள். உருளைக்கிழங்கு சூப் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் உணவகங்களுக்கு ஓய்வு, மதியம் இரண்டுக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். கார்டு வாங்காத கடைகளும் உண்டு, கையில் யூரோ நோட்டு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒயின் ஊருக்கு வந்துட்டு ஓட்டறவர் மட்டும் சும்மா இருக்கணுமா?

காரில் திரும்ப வேண்டியிருந்தால் ஆமாம். சட்ட வரம்பு இரத்தத்தில் 0.5 புரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால். 21 வயதுக்குக் கீழே என்றால் துளியும் கூடாது. 0.3 இருந்து ஓட்டத்தில் தடுமாற்றமோ விபத்தோ வந்தாலே குற்ற வழக்காகலாம். ஒரு கோப்பை பரவாயில்லை என்று கணக்குப் போடும் வேலையே வேண்டாம்.

ஆசை இருந்தால் தங்கும் ஊரிலேயே மாலையில் நடந்து போய்க் குடியுங்கள். தோட்டக்காரர்களே தம் வீட்டு முற்றத்தில் ஆண்டுக்கு நான்கு மாதம் வரை நடத்தும் சின்னக் கடைகள் உண்டு, வாசலில் தழைக்கொத்து தொங்கும். சொந்த ஒயின், எளிய சாப்பாடு, அதே மேசையில் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். குடிக்காதவர்களுக்கு அங்கேயே அவர்கள் தோட்டத்துத் திராட்சைச் சாறு கிடைக்கும், அருமையாக இருக்கும். மோசலுக்கே உரிய சிவந்த சதையுள்ள பீச் பழத்தின் ஜாமையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. 12 வயது ஆகும்வரை, அல்லது 150 செ.மீ. உயரம் வரும்வரை, குழந்தைக்கு உரிய இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொள்வது கிடையாது. காரோடு சேர்த்து முன்பதிவு செய்யுங்கள்.

பெரியவர்களுக்குச் சிரமம் படிக்கட்டும் கருங்கல் பாவிய தெருவும். அவர்களுக்கு ஏற்றது படகு. கோஹெமிலிருந்து பைல்ஸ்டைனுக்குப் போகும் படகு வழியில் ஃபான்கெல் நீர்ப்பூட்டில் நுழையும். கதவு மூடி, தண்ணீர் ஏற ஏறப் படகும் சுவரோரமாக உயர்ந்து, அடுத்த மட்டத்துக்கு வரும். ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே இப்படிப் பத்து அணைகள் உள்ளன, 1964இல் வேலை முடிந்தது. ஆறு இவ்வளவு அமைதியாகத் தெரிவது அதனால்தான். கோப்லென்ஸில் ரைனுக்கு மேலே எரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் கேபிள் கார் மூட்டுவலிக்காரர்களுக்கும் வசதி.

ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற ஊர்ல தங்கலாமா?

வேண்டாம். மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று என இரண்டு இடம் போதும். பெர்ன்காஸ்டெல் அல்லது ட்ராபென்-ட்ரார்பாக்கில் இரண்டு இரவு, கோஹெமைச் சுற்றியுள்ள சின்ன ஊர் ஒன்றில் இரண்டு இரவு. கோஹெமின் நடுவே தங்குவதைவிட அதற்கு ஐந்தாறு கி.மீ. தள்ளித் தங்கினால் இடமும் அமைதியும் கிடைக்கும். முன்பதிவில் வண்டி நிறுத்தம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

அக்கரைக்குப் போகணும், பாலமே காணோம். என்ன செய்யறது?

வரைபடத்தில் படகுத்துறையைத் தேடுங்கள். பைல்ஸ்டைன் எதிரே எல்லென்ஸ்-போல்டர்ஸ்டோர்ஃபிலிருந்து கார் ஏற்றும் படகு உண்டு. சரிவின் தொடக்கத்தில் நில்லுங்கள், படகுக்காரர் கையசைத்ததும் முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள், கைப்பிரேக் போட்டு இன்ஜினை அணையுங்கள், அவர் வந்து பணம் வாங்கிக்கொள்வார். அக்கரை சில நிமிடம்தான். பெரும்பாலும் வசந்தம் முதல் அக்டோபர் வரை, அதுவும் பகலில் மட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு அக்கரை போனால் திரும்பப் பாலத்தைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

ரோடே மூடியிருந்துச்சுன்னா?

இரண்டு காரணங்களால் மூடும். ஒன்று, கோடையின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு ஆற்றோரச் சாலையின் நீண்ட பகுதியைச் சைக்கிள்களுக்காக மூடும் 'ஹேப்பி மோசல்' நாள். தேதியைப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அன்று அங்கே இருந்தால் காரை மறந்து சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், அதைவிடச் சந்தோஷமான நாள் மோசலில் கிடையாது.

மற்றது வெள்ளம், முக்கியமாகக் குளிர்காலத்தில். கோஹெமின் ஆற்றோர வீட்டுச் சுவர்களில் ஆண்டு எழுதிய கோடுகளைப் பாருங்கள். 1993 டிசம்பர் கோடு தலைக்கு மேலே இருக்கும். தண்ணீர் ஏறுவதாக அறிவிப்பு வந்தால் ஆற்றோர நிறுத்தத்திலிருந்து காரை அன்றே மேட்டுக்கு எடுத்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கினால் வண்டி தண்ணீரில் நிற்கும்.

இவ்வளவு தூரம் வந்தாச்சு, ரைனையும் சேர்த்துக்கலாமா?

மேலே சொன்ன நான்கு இரவைக் குறைக்காமல் இன்னும் இரண்டு இரவு இருந்தால் சேருங்கள். கோப்லென்ஸிலிருந்து பிங்கென் வரை சுமார் 65 கி.மீ., 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி. இடக்கரையில் பி 9, வலக்கரையில் பி 42. நடுவே பாலம் ஒன்றுகூட இல்லை, கடக்க வேண்டுமென்றால் படகுதான். தங்கும் அறை தண்டவாளத்தைப் பார்த்ததா என்று முன்பே கேளுங்கள். முதல் பதிலில் சொன்ன சரக்கு ரயில்கள் இரவெல்லாம் ஓடும்.

ஊருக்குத் திரும்பினப்புறம் ஃபைன் வந்தா என்ன செய்யறது? கண்டுக்காம விட்டுடலாமா?

விடாதீர்கள். கேமரா படம் எடுத்தால் நோட்டீஸ் முதலில் கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு நிர்வாகக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே எடுத்துக்கொள்வார்கள். அது அபராதம் இல்லை. அபராதக் கடிதம் வாரங்கள் கழித்துத் தனியாக வரும், ஜெர்மனில் இருக்கும், எந்தக் கணக்குக்கு எந்தக் குறிப்பு எண்ணோடு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். வங்கி மூலம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்துசேர வேண்டுமென்பதால், கார் எடுக்கும்போது சரியான முகவரியும் மின்னஞ்சலும் கொடுங்கள். வண்டி நிறுத்த அபராதச் சீட்டு கண்ணாடியில் செருகியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே கட்டிவிடுங்கள், சிறிய தொகையோடு அங்கேயே முடிந்துவிடும்.